பத்துப் போட்ட இடத்தில் பதினொன்று

ரஹ்மத்துன்னிசாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பகுதிக்குள் நுழைந்தால், பன்னிரண்டு பெண்களையும் ஒருவர் விடாமல் பேர் சொல்லி ஒரு வார்த்தை விசாரித்த பிறகுதான் கைப்பையை ஆணியில் மாட்டுவாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, ஊரிலிருந்து மாமியார் வந்தாயிற்றா, வாடகை வீட்டில் தண்ணீர் வந்ததா என்று ஏதோ ஒன்று. எல்லாம் சேர்ந்தும் பத்து நிமிடம் ஆகாது. அந்தப் பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் பொறுப்பாளராகி இந்தப் பதினாறு வருடத்தில் மூன்று மேனேஜர்கள் வந்து போய்விட்டார்கள். அவள் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

நாலாவதாக வந்த ராஜவேலுக்கு அந்தப் பத்து நிமிடம் கண்ணை உறுத்தியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓட்டையும் எண்ணெய்க் கறையுமாக முப்பது டி-சர்ட்டுகள் செக்கிங்கைத் தாண்டிக் கப்பலேறிப் போய், வாங்கினவர்கள் ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். படங்களைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“ரஹ்மத்தம்மா, தப்பா நெனைக்காதீங்க. காத்தால வந்ததும் இந்த நலம் விசாரிப்பெல்லாம் எதுக்குங்க? வாய் பேசிட்டிருந்தா கண்ணு பாக்குமுங்களா?”

“பேசறது வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதானுங்க சார். மனசு தெளிவா இருந்தா கண்ணு நல்லாப் பாக்குமுங்க.”

“அது உங்க நம்பிக்கைங்க. பேப்பர்ல காட்டுங்க பாக்கலாம்.”

பேப்பரில் காட்ட அவளுக்குத் தெரியாது. ஆனால் காட்டக்கூடிய ஒரு பெண் அதே வாரத்தில் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். பேர் யாழினி. பல்லடத்துக்காரி. கோயம்புத்தூரில் உளவியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். நாலு நல்ல வார்த்தை சொன்னால் வேலையில் கவனம் கூடுமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். அதற்கு ஒரு கம்பெனி வேண்டுமென்று நாலைந்து வாசல் ஏறி இறங்கியிருந்தாள். ராஜவேலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று.

“மூணு வாரம் பாருங்க பாப்பா. பேச்சுல பிரயோஜனம் இருக்குதுன்னா ரஹ்மத்தம்மா பேசட்டும், நான் வாயே திறக்கலை. இல்லைன்னா, செக்கிங்ல பேசக்கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டிருவேன். சம்மதமுங்களா ரஹ்மத்தம்மா?”

“சம்மதமுங்க” என்றாள் அவள், ஒரு நொடிகூட யோசிக்காமல். அன்பு தோற்றுப்போகும் என்று அவளுக்கு எந்த வயதிலும் தோன்றியதில்லை.

டீ நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து ரஹ்மத்துன்னிசாவுக்கு யாழினி விளக்கினாள். அந்தப் பெண்ணுக்குப் பேசும்போது கையும் சேர்ந்து பேசும். வடை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது.

“மனசுன்னா என்னன்னு ஆதியில தத்துவம் பேசறவங்கதானுங்க அக்கா சொல்லிட்டிருந்தாங்க. ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொம்பதுல ஜெர்மனியில வுண்ட்னு ஒரு பேராசிரியர், மனசையும் அளந்து பாக்கலாமுன்னு லைப்சிக் ஊர்ல ஒரு ஆய்வுக்கூடம் வெச்சார். ஒரு குண்டைக் கீழ போடுவாங்க. சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்கணும். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு குறிச்சுக்குவாங்க. அப்பறம், சத்தம் கேட்டுச்சுன்னு உங்க மனசுக்குத் தெரிஞ்சதும் அமுக்குங்கன்னு சொல்லுவாங்க. அதுக்குக் கொஞ்சம் நேரம் கூட ஆகும்.”

“குண்டு விழுந்தா காதுல கேக்கப் போகுது. இதுக்கு எதுக்கு ஆய்வுக்கூடம் கண்ணு?”

“காதுக்குக் கேக்கறதுக்கும் மனசுக்குத் தெரியறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குதில்லீங்களா, அதுதான் விஷயமே. அவங்கவங்க மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு அவங்களையே பாத்துச் சொல்லச் சொன்னார். ஆனா உங்க மனசுக்குள்ள நீங்க மட்டும்தான் எட்டிப் பாக்க முடியும், அது சரியான்னு நான் போய்ப் பாக்க முடியாது. அதனால பின்னாடி வந்தவங்க, உள்ளே இருக்கறதை விட்டுட்டு வெளிய தெரியறதை மட்டும் எண்ணுவோமுன்னு சொன்னாங்க.”

உள்ளே இருப்பதை விட்டுவிடுவது என்றால் ரஹ்மத்துன்னிசாவுக்குப் புரியவில்லை. உள்ளே இருக்கிற நிய்யத்துதானே எல்லாம்? நல்ல எண்ணத்தோடு செய்ததா இல்லையா என்பதை அல்லாஹ் ஒருவன்தான் அறிவான். வெளியே தெரிவதை மட்டும் எண்ணினால் கணக்கு எப்படிச் சரியாகும்? கேட்க நினைத்தாள். படித்த பெண்ணிடம் கேட்டால் பட்டிக்காட்டுத்தனமாக இருக்குமோ என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

ஏற்பாடு சுலபம்தான். செக்கிங்கில் இரண்டு மேசை, மேசைக்கு ஆறு பெண்கள். பெண்கள் வருவதற்கு முன் ரஹ்மத்துன்னிசா, பழைய ரிஜெக்ட் மூட்டையிலிருந்து எடுத்த குறையுள்ள டி-சர்ட்டுகளை மேசைக்குப் பத்து வீதம் புதுச் சரக்கோடு கலந்து வைத்துவிட வேண்டும். அவற்றை அடையாளம் காண, துவைக்கும் முறை அச்சிட்ட சின்ன லேபிளின் பின்னால் பச்சைப் பேனாவால் ஒரு பொட்டு. குறை கண்டுபிடித்தால் பெண்கள் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தங்கள் மேசையின் சிவப்புக் கூடையில் போடுவார்கள். சாயங்காலம் கூடையில் எத்தனை பச்சைப் பொட்டு இருக்கிறதென்று எண்ணி எழுத வேண்டும். எந்த மேசைக்கு நல்ல வார்த்தை என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். முதல் மேசைக்கு விழுந்தது. ஆராய்ச்சி நடக்கிறது, விவரம் கடைசியில் சொல்லப்படும் என்ற தாளில் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

யாழினி ஒரு அட்டையில் வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். “முதல் மேசையில ஒவ்வொருத்தர்கிட்டயும் பேர் சொல்லி இதை மட்டும் சொல்லுங்க. ரெண்டாவது மேசையில புதுசா எதுவும் வேண்டாம். வழக்கம்போல இருங்க. நான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வர்றேங்க.”

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வேனில்தான் அவளுக்குக் குழப்பம் ஆரம்பித்தது. வழக்கம்போல என்றால்? வழக்கமாக அவள் இரண்டாவது மேசையிலும்தானே விசாரிப்பாள்? அது நல்ல வார்த்தைக் கணக்கில் வந்துவிடாதா? பாதிப் பேருக்குக் கிடைக்க வேண்டியதை எல்லோருக்கும் கொடுத்தால் அந்தப் பெண்ணின் படிப்பு என்ன ஆவது? தன்னை நம்பி ஒப்படைத்த பொருள், அதில் கைவைக்கக் கூடாது. யோசித்து யோசித்து, இரண்டாவது மேசையோடு மூன்று வாரம் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். யாழினியைப் போனில் கேட்டிருக்கலாம். அட, அதற்குக்கூடவா போன் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் மேசையில் நின்று, அட்டையில் இருந்ததை ஒப்பித்தாள். “சனோபர், நேற்று உங்கள் வேலை மிகவும் கவனமாக இருந்தது. நன்றி.”

சனோபர் அவளை அண்ணாந்து பார்த்தாள். இருபத்தைந்து வயது, நாக்குக் கொஞ்சம் நீளம். “என்னக்கா, செய்தி வாசிக்கற மாதிரி சொல்றீங்க? அதுவும் நேத்து ஞாயித்துக்கிழமை. நான் ஊட்டுல தூங்கிட்டிருந்தேன்.”

மேசையே சிரித்தது. ரஹ்மத்துன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஐந்து பேருக்கும் அதையே சொல்லிவிட்டு, இரண்டாவது மேசைப் பக்கம் தலையைத் திருப்பாமல் கைப்பையை மாட்டினாள்.

இரண்டாவது மேசையில் முதல் நாற்காலி செல்லத்தாயுடையது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷன் மூக்கையாவோடு பிழைக்க வந்தவள். ஒன்பது வருடமாகக் காலையில் முதல் பேச்சு அவளோடுதான். அன்றும் அவள் முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரஹ்மத்துன்னிசாவுக்கு அது முதுகில் தெரிந்தது.

புதன்கிழமை செல்லத்தாய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து அவள் மேசையருகே நின்றாள். “எக்கா, ஞாயித்துக்கெழம ஊருக்குப் போய்ட்டு வந்தோம்லா. கருப்பட்டி மிட்டாய். உங்களுக்குப் பிடிக்குமேன்னு வாங்கியாந்தேன். பிள்ளைக்கு மாசியில காது குத்துன்னு நாள் வச்சாச்சு.”

ரஹ்மத்துன்னிசாவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எந்தத் தேதி, எந்தக் கோயிலில், தோடு எடுத்தாயிற்றா? எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, “ம்” என்றாள். பொட்டலத்தை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பேரேட்டைப் புரட்டினாள். செல்லத்தாய் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்புச் சத்தம் போகிறது மட்டும் கேட்டது.

முதல் வாரம் முதல் மேசையில் நாளுக்கு எட்டு, இரண்டாவது மேசையில் ஏழு. ரஹ்மத்துன்னிசா மனசுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டாள். ஒன்று கூடுதல்தான், போதும்.

இரண்டாவது வாரம் எல்லாம் தலைகீழ். முதல் மேசை ஆறுக்கு இறங்கிற்று. இரண்டாவது மேசை ஒன்பதுக்கு ஏறிற்று. சனிக்கிழமை யாழினி தாளைப் பார்த்து நகத்தைக் கடித்தாள். ராஜவேல் தாளைப் பார்த்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நான் சொன்னேன் பாத்தீங்களா. பேசாத மேசைதானுங்க கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாக்குது. நல்லது சொல்லச் சொல்ல இங்க கண்ணு சொருகுது. போர்டுக்குச் சொல்லிட்டேனுங்க. அடுத்த சனிக்கிழமை வந்துரும்.”

மத்தியானம் ஸ்டோர் ரூம் மூலையில் துணி விரித்து லுஹர் தொழுத ரஹ்மத்துன்னிசாவுக்கு, ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டதும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. யா அல்லாஹ், நான் இத்தனை வருடம் செய்தது தப்பா? நான் விசாரித்து விசாரித்துத்தான் அவர்கள் கண்ணைக் கெடுத்தேனா? வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த முப்பது டி-சர்ட்டும் போயிருக்காதா? எழுந்து துணியை மடித்தாள்.

வீட்டில் அவள் கணவர் பசீர் அகமது கதையை முழுக்கக் கேட்டார். கட்டிங் வேஸ்ட் துணி வாங்கி விற்கிறவர். எதையும் எடை போட்டே பார்த்துப் பழகியவர்.

“அப்ப பேசாம இருந்தா ஆளுக நல்லா வேலை செய்வாங்கன்னு ரிசல்ட்டு. இருபத்தாறு வருசமா எங்கூட நீ பேசிட்டே இருக்கறதுனாலதான் நான் உருப்படாமப் போயிட்டேனோ என்னவோ.”

“எனக்கே தலை சுத்துது. நீங்க வேற.”

“ஒரு மூணு வாரம் என்னையும் ரெண்டாவது மேசையில போட்டுப் பாரு” என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீன் துண்டில் பெரியதை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாவது வாரம் இன்னும் மோசம். முதல் மேசை ஐந்து, இரண்டாவது மேசை பத்துக்குப் பத்து. இடையில் இரண்டாவது மேசையில் யாரும் சிரிப்பதுமில்லை. கழிப்பறைக்குப் போகக்கூட ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். பத்துக்குப் பத்து எடுப்பவர்களின் முகம் இப்படியா இருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அதைத் தாளில் எழுத இடமில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டாவது மேசைக் கூடையை எண்ணினாள். பச்சைப் பொட்டு பதினொன்று.

மறுபடி எண்ணினாள். ஒவ்வொரு லேபிளாகப் புரட்டி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினொன்று. காலையில் அவள் கையால் போட்டது பத்து. பிஸ்மி சொல்லி ஒன்றொன்றாக வைத்தது. பத்துப் போட்ட இடத்தில் பதினொன்று எப்படி முளைக்கும்? முதல் மேசைக் கூடையில் நாலு. தனக்குத்தான் வயதாகிவிட்டதா, கலக்கும்போது கை தவறியதா? தாளில் பத்து என்று எழுதிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. பேனாவை வைத்து ‘1’ போட்டவள், பக்கத்தில் பூஜ்யம் போடக் கை வராமல் இன்னொரு ‘1’ போட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். அட்டைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால், சரக்கு சரிபார்க்கிற மாதிரி நின்றுகொண்டாள். பதினோரு மணி இருக்கும். முதல் மேசையிலிருந்து சனோபர் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தாள். தண்ணீர் கேன் இரண்டாவது மேசை முடிகிற இடத்தில் இருக்கிறது. அவள் துப்பட்டாவுக்குள் எதுவோ மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

திருட்டா? ரஹ்மத்துன்னிசா பெட்டிகளைச் சுற்றி வந்து சனோபரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அது என்ன?”

சனோபர் வெளியே எடுத்தாள். ஒரு டி-சர்ட். தோளில் தையல் விட்டிருந்தது. அம்புக்குறி ஒட்டியிருந்தது.

“டேமேஜ் பீஸுக்கா.”

“டேமேஜ்னா கூடையில போடாம எங்க எடுத்துட்டுப் போறே?”

“கூடையிலதாங்கக்கா போடப் போறேன்.”

“உங்க கூடை அங்கல்ல இருக்குது?”

சனோபர் தரையைப் பார்த்தாள். அந்த நீள நாக்கு எங்கேயோ போயிருந்தது. “செல்லத்தாயக்கா மேசைக் கூடையில” என்றாள் மெதுவாக.

“எதுக்கு?”

“நீங்க அவங்கமேல கோவமா இருக்கீங்க. அவங்க ஆறு பேர்கிட்டயும் மூணு வாரமாப் பேச்சில்லை. என்ன தப்புப் பண்ணுனோமுன்னு அவங்களுக்கும் தெரியலை, எங்களுக்கும் தெரியலை. செல்லத்தாயக்கா கழிப்பறையில நின்னு அழுதாங்க. எங்ககிட்ட மட்டும் தெனமும் நன்றி நன்றிங்கறீங்க. எங்களுக்கு அது தொண்டையில இறங்கலைங்கக்கா. டேமேஜ் நிறையப் புடிச்சாங்கன்னா உங்க கோவம் ஆறிருமேன்னு நாங்களே பேசி வெச்சோம். தண்ணி குடிக்கப் போறவ போறப்ப ஒண்ணு ரெண்டு எடுத்துட்டுப் போயிருவோம். அவங்களுக்குத் தெரியாது.”

ரஹ்மத்துன்னிசா சனோபரின் மணிக்கட்டை விட்டாள். இரண்டாவது மேசையின் பத்தும் பதினொன்றும் எங்கிருந்து வந்தன என்று புரிந்துவிட்டது. “இது பொய்க் கணக்கில்லையா சனோபர்?” என்றாள். சொல்ல வேண்டுமே என்று சொன்னது.

“நான் வேலைக்குச் சேந்த மொத வாரம், எங் கூடை காலியாத்தான் இருக்கும். ஓட்டையே கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் பாத்தா மூணு பீஸ் கெடக்கும். அப்ப இருந்த மேனேஜர் என்னைய ஒரு நாளும் திட்டலை. யாரு போட்டதுன்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுதுங்கக்கா.” சனோபர் தலையை நிமிர்த்தினாள். “நீங்கதான்.”

அவள் அதை மறந்தே போயிருந்தாள். சனோபருக்கு முன்னால் யார், அதற்கும் முன்னால் யார் யாருக்கெல்லாம் போட்டாளோ, அதுவும் ஞாபகமில்லை.

அன்று முழுக்க அவள் இரண்டு மனசாக அலைந்தாள். சொன்னால் யாழினியின் மூன்று வார உழைப்பு பாழ், ஆறு பெண்களுக்கும் திட்டு நிச்சயம். சொல்லாவிட்டால் நாளைக்குப் போர்டு ஏறிவிடும். அதுவும் எந்த எண்ணைக் காட்டி ஏறப் போகிறது? அன்பால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிற அந்த எண்ணே, ஒருத்திக்காக இன்னொருத்தி மனசு கேட்காமல் செய்ததால் ஏறிய எண். இதை எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சனிக்கிழமை காலை கம்பெனி கேட்டருகே யாழினி ஸ்கூட்டியை நிறுத்தியதும் ரஹ்மத்துன்னிசா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யாழினி ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றாள்.

“நான் வழக்கம்போல இருங்கன்னுதானுங்க அக்கா சொன்னேன். பேசவே வேண்டாமுன்னு சொல்லலையே.”

“எங்க வழக்கம் என்னன்னு நீ கேக்கலையே கண்ணு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உன்னையக் குத்தம் சொல்லலை சாமி. எனக்கும் சந்தேகம் வந்துது. நானும்தான் கேக்கலை.”

யாழினியின் கண் கலங்கியது. “நாலு நாள் வந்து சும்மா உக்காந்து பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்” என்றாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

கண்ணாடி அறையில் ராஜவேல் மேசைமேல் போர்டு வந்து காத்திருந்தது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து. ரஹ்மத்துன்னிசா நின்றுகொண்டே சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு முகம் சிவந்தார்.

“பீஸைக் கைமாத்தி விட்டாங்களா? அந்த ஆறு பேரையும் கூப்பிடுங்க.”

“அவங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, அதை ஆரம்பிச்சவளைக் கேளுங்க சார். புதுசா வந்த புள்ளைகளுக்கு நான்தானுங்க அப்படிப் போட்டு வெப்பேன். இந்தப் புள்ளைகளைத் திட்டாதீங்க. என்ன சொல்றதா இருந்தாலும் என்னையச் சொல்லுங்க.”

ராஜவேல் யாழினியைப் பார்த்தார். “அப்ப பேசுனா நல்லதா, பேசாம இருந்தா நல்லதா? ஒண்ணைச் சொல்லுங்க பாப்பா.”

“தெரியலீங்க சார். எதையும் சொல்ல முடியாதுங்க. நான் சோதனை வெச்சதே தப்பு.”

“மூணு வாரமாச்சு. தெரியலைங்கறீங்க.”

“ரெண்டு மேசையையும் சேத்துக் கூட்டுங்க சார்” என்றாள் ரஹ்மத்துன்னிசா. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பசீர் அகமதுவின் கால்குலேட்டரில் அவள் கூட்டிப் பார்த்திருந்தாள். “எங்க போட்டிருந்தாலும் புடிச்ச பீஸ் புடிச்சதுதானுங்களே.”

அவர் கூட்டினார். முதல் வாரம் நாளுக்குப் பதினைந்து. இரண்டாவது வாரம் பதினைந்து. மூன்றாவது வாரமும் பதினைந்து. மறுபடி கூட்டினார். கால்குலேட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்னொரு முறை கூட்டினார்.

“பேசாததுனால ஒண்ணும் கூடலைங்க” என்றாள் அவள். “பேசுனாக் கூடுமான்னு எனக்கும் தெரியலை. முந்தியெல்லாம் தெரியுமுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

ராஜவேல் போர்டைப் பார்த்தார். கிழிக்க அது தாள் இல்லை. எழுந்து அதை அலமாரிக்குப் பின்னால் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். “வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முடிச்சுக்குங்க” என்றார். “அந்த டேமேஜைக் கைமாத்தி விடறது மட்டும் வேண்டாமுங்க. யாரு கண்ணு எப்படின்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“சரிங்க சார்” என்றாள் அவள். அதில் அவர் சொல்வதும் நியாயம்தான் என்று பட்டது. இருந்தாலும், முதல் வாரத்தில் கூடை காலியாக உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

யாழினி நோட்டை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பேரிடமும் உட்கார்ந்து கேட்டாள். எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னார்கள். செல்லத்தாய்க்கு எல்லாவற்றையும் விட ஒரு விஷயத்தில்தான் வருத்தம்.

“கூடை நெறையறதப் பாத்து, எம் மேசைக்குக் கண்ணு தெளிஞ்சிட்டுன்னு ஊருக்குப் போன் போட்டுப் பெருமை பேசிட்டேன்லா. இப்பம் அம்மைகிட்ட என்னன்னு சொல்லுவேன்? இதெல்லாம் மொதல்லயே கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போமே தாயி.”

ரஹ்மத்துன்னிசா அவள் நாற்காலியருகே வந்து நின்றாள். “செல்லத்தாயி, என்னைய மன்னிச்சுக்கோ” என்றாள். “உங்கிட்டப் பேசக்கூடாதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்.”

செல்லத்தாய் கையிலிருந்த டி-சர்ட்டை உள்பக்கமும் வெளிப்பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். “அந்தக் கருப்பட்டி மிட்டாயத் திங்கவாவது செஞ்சீகளா?”

“இழுப்பறையில இருக்குது.”

“எறும்பு தின்னிருக்கும் அதை” என்றாள் செல்லத்தாய். ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

கல்லூரியில் யாழினிக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். என்ன தப்பு நடந்தது என்பதையே முதல் பாதியாக எழுதச் சொன்னார்களாம். இரண்டாவது பாதிக்கு அவள் எதையும் மாற்றப் போவதில்லை. அட்டை கிடையாது, பச்சைப் பொட்டு கிடையாது. சும்மா ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்வாள். பன்னிரண்டு பேரிடமும் இந்த முறை விவரத்தை முன்னாலேயே சொல்லிச் சம்மதம் வாங்கினாள்.

“அக்கா, உங்க வழக்கம் எப்படியோ அப்படியே இருங்க. நான் இருக்கறதை மறந்துருங்க” என்றாள் திங்கட்கிழமை காலை, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.

ரஹ்மத்துன்னிசா செக்கிங்குக்குள் நுழைந்தாள். பன்னிரண்டு முகமும் நிமிர்ந்தது. வாயைத் திறந்தவளுக்கு, பதினாறு வருடமாகத் தானாக வந்த வார்த்தை அன்றைக்கு வரவில்லை. மூலையில் பேனா காத்திருக்கிறது. இப்போது கேட்டால் கேட்க வேண்டுமென்று கேட்பதா, நோட்டில் ஏறட்டும் என்று கேட்பதா? அவளுக்கே தெரியவில்லை. கைப்பை தோளிலேயே தொங்கியது.

“என்னக்கா, அட்டையத் தொலைச்சிட்டீங்களா?” என்றாள் சனோபர் முதல் மேசையிலிருந்து.

சிரிப்பு எழுந்து அடங்கியது. செல்லத்தாய் பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். “குடிங்க மொதல்ல. வேனுல நின்னுட்டே வந்தீகளா? மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு.”

ரஹ்மத்துன்னிசா டம்ளரை வாங்கினாள். பதினாறு வருடத்தில் அந்த அறையில் காலையில் அவளை ஒருவர் முதலில் விசாரித்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. இல்லை, முன்பும் விசாரித்திருப்பார்கள், தான்தான் காதில் வாங்காமல் அடுத்த நாற்காலிக்குப் போயிருப்பேனோ என்றும் தோன்றியது. தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“காது குத்து எந்தத் தேதி செல்லத்தாயி?” என்றாள்.

மூலையில் யாழினியின் பேனா நகரும் சத்தம் கேட்டது. செல்லத்தாய் தேதி சொல்லி, கோயில் சொல்லி, தோடு எடுத்த கதையை ஆரம்பித்தாள். பாதியில் பேனாச் சத்தம் கேட்கவில்லை. அது நின்றுவிட்டதா, தனக்குத்தான் கேட்காமல் போயிற்றா என்று ரஹ்மத்துன்னிசா திரும்பிப் பார்க்கவில்லை.